ஸ்டூல் போக எழுபத்தொன்பது கிலோ

மார்ச் 3, செவ்வாய்

ஸ்டூல் போக 79.6 கிலோ.

நம்பவில்லை. முதலில் மெஷின் மேல்தான் சந்தேகம் வந்தது. தொழில் புத்தி. இருபத்தோரு வருஷமாகக் கடை கடையாக ஏறி எடை மெஷின்களைச் சரிபார்த்து வயிறு வளர்க்கிறவள் நான். தப்பான எண் வந்தால் முதல் குற்றவாளி மெஷின்தான். இவரைக் கூப்பிட்டு இருபது கிலோ எடைக்கல்லை மேடையின் நாலு மூலையிலும் வைக்கச் சொன்னேன். தையலைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, "ஊர்ல அவனவன் பொண்டாட்டிக்குப் பூ வாங்கிக் குடுக்குறான், நான் கல்லு தூக்குறேன்" என்று முனகிக்கொண்டே வைத்தார். நாலு மூலையிலும் இருபது. நடுவிலும் இருபது. மெஷின் யோக்கியன். ஆக, கூடியது நான்தான்.

முதலாளி நல்ல மனுஷன். கேட்டதும் பட்டறையில் சும்மா கிடந்த இந்த மேடை மெஷினை வண்டியில் அனுப்பிவிட்டார். ஒற்றைக் காலில் நின்றால் எண் ஆடுகிறது. அதனால் ஸ்டூலை மேலே வைத்து, பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு உட்காருகிறேன். என் மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

லாரி எடைமேடைக்கு அடியில் ஒரு குழி இருக்கும். ஜனவரி இருபதாம் தேதி அதில் இறங்கும்போது ஏணியில் கால் வழுக்கி விழுந்தேன். இடது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகப் போய், உள்ளே கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். விழுந்த அன்றைக்கு நான் 72.4. ஆறு வாரம் படுத்ததில் ஏழு கிலோவுக்கு மேல் ஏறியிருக்கிறது. எங்கிருந்து வந்தது? காற்றிலிருந்தா?

மார்ச் 5, வியாழன்

பிசியோதெரபி. அங்கே எனக்குப் பயிற்சி கொடுக்கும் பெண்ணுக்கு 'இன்னும் பத்து' என்று பெயர் வைத்திருக்கிறேன். முடியவில்லை என்று எந்த இடத்தில் சொன்னாலும், சிரித்த முகமாக "இன்னும் பத்து, மேடம்" என்பாள்.

இன்று ஒரு சின்ன எடை மெஷினைத் தரையில் வைத்தாள். "இடது காலை இது மேல வச்சு மெதுவா அழுத்துங்க. இருபது கிலோ வந்ததும் நிறுத்திடுங்க. இப்போதைக்கு அந்தக் காலுக்கு அவ்வளவுதான்."

காலை எடுத்த பிறகும் முள் ஒன்றரையில் நின்றது. சும்மா இருக்க முடியுமா? சொன்னேன். "அப்ப இருபத்தொன்றரை வரைக்கும் அழுத்துங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

வீட்டுக்கு வந்தும் அதே யோசனை. ஒரு காலுக்கு இருபது கிலோ என்று கொள்ளளவு எழுதிவிட்டார்கள், லாரிக்கு எழுதுவது போல. அளவுக்கு மேல் ஏற்றிக்கொண்டு வரும் லாரிகளைப் பார்த்து எத்தனை முறை உச்சுக்கொட்டியிருக்கிறேன். இப்போது நானே அப்படி நிற்கிறேன். இந்தச் சுமையை இறக்கிவிட்டால் எலும்புக்கு நிம்மதி, சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். இதில் யாரைப் போய்க் கேட்க வேண்டும்? எடை என் தொழில்.

மார்ச் 9, திங்கள்

ஒரு சோதனை. எடை பார்த்தேன். அரை லிட்டர் தண்ணீர் குடித்தேன். மறுபடி பார்த்தேன். சரியாக அரை கிலோ கூடியிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை, ஆனாலும் ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று. படுக்கும்போது 79.2, எழுந்ததும் 78.7. நடுவில் பாத்ரூம் பக்கம்கூடப் போகவில்லை. அரை கிலோ எங்கே போனது? வியர்வையிலா, மூச்சிலா? மூச்சுக்கு எடை உண்டா? உண்டென்றால் இரவெல்லாம் குறட்டை விடும் இவர் காலையில் துரும்பாக எழுந்திருக்க வேண்டும். இவரிடமே சொன்னேன். சிரிக்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வந்து ஒரு மணி நேரம் இருந்தாள். வாசல்படியிலேயே, "உக்காந்த இடத்துலயே தின்னா ஊதத்தான் செய்யும்" என்றாள். அவள் அப்படித்தான். பாசத்தைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் காட்டுவாள்.

ஆனால் சொன்னதில் தப்பில்லை. நாளையிலிருந்து காலையில் டீ மட்டும். மதியம் ஒரு ரொட்டி. இரவு வெள்ளரிக்காய். ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னார்கள். வயிற்றில் போடுவதை அளக்க வேண்டாமா?

மார்ச் 20, வெள்ளி

76.8. காலுக்குள் இருக்கும் கம்பி எத்தனை கிராம் இருக்கும்? அடுத்த முறை எலும்பு டாக்டரிடம் கேட்க வேண்டும். அதையும் கழித்துக்கொள்வதுதான் நியாயம்.

மார்ச் 28, சனி

75.1. ஒவ்வொரு நாளும் குறைகிறது. காலையில் கண் விழித்ததும் மெஷின் ஞாபகம்தான் வருகிறது. பரீட்சை முடிவு பார்க்கப் போகிற மாதிரி வாக்கரைத் தள்ளிக்கொண்டு போகிறேன்.

தலை கொஞ்சம் கிறுகிறுக்கிறது. வெயில்தான். மதியம் இவர் சாப்பிட உள்ளே வந்தபோது, "நான் அப்பவே சாப்பிட்டேங்க" என்றேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன், சாட்சிக்கு.

ஏப்ரல் 8, புதன்

72.4!

விழுந்த அன்றைக்கு இருந்த அதே எண். முதலாளிக்குப் போன் போட்டு, அடுத்த மாதம் வந்துவிடுவேன் என்றேன். "அவசரப்படாதேம்மா, உன் பையை யாரும் தொடல" என்றார். எடைக்கற்கள் வைக்கும் பை. அதை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் வரும், அவருக்கு அது தெரியும்.

'இன்னும் பத்து' மட்டும் இன்று ஒரு மாதிரி பார்த்தாள். போன வாரம் முப்பது முறை தூக்கிய காலை இன்று பதினெட்டோடு கீழே போட்டுவிட்டேன். "இன்னும் பத்து" என்று அவள் சொல்லவில்லை. அதுதான் விசித்திரமாக இருந்தது.

ஏப்ரல் 16, வியாழன்

71.0.

எக்ஸ்ரே. டாக்டர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். அப்புறம் பேனா முனையால் காட்டினார். "முறிஞ்ச இடத்துல இந்நேரம் மேகம் மாதிரி வெள்ளையா படர்ந்திருக்கணும்மா. கறுப்புக் கோடு அப்படியே இருக்கு பாருங்க. ஒட்ட ஆரம்பிக்கவே இல்ல."

சர்க்கரை இருக்கிறதா என்றார். இல்லை. புகையிலை? சீச்சீ. "சாப்பாடு எப்படி?"

"நல்லா சாப்பிடுறேன் டாக்டர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். ஏன் அப்படிச் சொன்னேன்? பக்கத்தில் இவர் இருந்தார், அதனாலா? அம்பது கிராம் குறைத்துக் காட்டும் மெஷினைக் கண்டால் கடைக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பவள் நான். இன்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இன்னும் சில வாரம் பார்ப்பாராம். ஒட்டாவிட்டால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து அந்த இடத்தில் வைத்து மறுபடி ஆபரேஷன். அதற்கப்புறம் ஆறு மாதம். பட்ட காலிலே படும் என்பார்கள். இப்போது இடுப்பிலும் படப்போகிறது. பயமா இருக்கு. முதல் ஆபரேஷன் முடிஞ்ச அன்னிக்கு வலியில என்ன கத்து கத்தினேன்னு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை என்னால ஆகாது.

கம்பி எத்தனை கிராம் என்று கேட்க வைத்திருந்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 18, சனி

வேலைக்குப் போட்டுக்கொண்டு போகும் பேன்ட் தொளதொள என்று இருக்கிறது, பிடித்துத் தைத்துக் கொடுங்கள் என்று இவரிடம் கேட்டேன். மனசு சரியில்லாத நேரத்தில் இதாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான். நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். என் பழைய அளவு இவருடைய அளவு நோட்டில் இருக்கிறது. தீயணைப்பு வீரர் முதல் பள்ளிக்கூட வாத்தியார் வரை எல்லோர் இடுப்பும் அந்த நோட்டில் இருக்கிறது.

இடுப்பை அளந்தார். நோட்டைப் பார்த்தார். தொடையை அளந்தார். மறுபடி அளந்தார். புஜத்தை அளந்தார். முகம் மாறியது.

"இடுப்பு ஒரு இஞ்சுதான் குறைஞ்சிருக்கு. தொடை ரெண்டும் இருபத்திரண்டு இருந்தது. இப்ப நல்ல கால் இருபதரை, அடிபட்ட கால் பதினெட்டரை. புஜத்துல ஒன்றரை இஞ்சு காணோம்." நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "அடிபட்ட கால் சூம்பும்னு டாக்டரே சொன்னாரு. நல்ல காலும் கையும் ஏன் போச்சு? நீ சாப்பிடுறியா இல்லியா?"

எனக்கு வந்த கோபம். "துணி அளக்குற நாடாவை வச்சுக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்காதீங்க. நீங்க தப்பா அளந்தா பிரிச்சுத் தைக்கலாம். நான் கிராம் கணக்குல பார்க்குறவ." இதை இவ்வளவு மெதுவாகச் சொல்லவில்லை. முன்னறைத் தையல் கடையில் ரவிக்கை கொடுக்க வந்து நின்ற பெண் அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

இவர் போய்த் தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆனால் தைக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பேசவில்லை. இவரும்.

ஏப்ரல் 20, திங்கள்

பேச்சு இல்லாததால் யோசிக்க நேரம் கிடைத்தது.

என் மெஷின் பொய் சொல்லவில்லை. 71.0 என்றால் 71.0 தான். ஆனால் நான் அதனிடம் என்ன கேட்டேன்? மொத்தம் எவ்வளவு என்று கேட்டேன். மூட்டையில் அரிசி இருக்கிறதா மண் இருக்கிறதா என்று எடை மெஷின் எப்போது சொல்லியிருக்கிறது? சொல்லாது. இருபத்தோரு வருஷம் இந்தத் தொழில் செய்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். எல்லோருக்கும் சொல்வேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது இதுதான் போலிருக்கிறது.

எட்டரை கிலோ போயிருக்கிறது. அதில் இடுப்பில் போனது ஒரு இஞ்சு. மீதி எங்கிருந்து போனது? தொடை, புஜம். அப்படியானால் எலும்பு ஒட்டுவதற்குப் போயிருக்க வேண்டிய சத்து? அதையும் சேர்த்தா தின்றுவிட்டேன்?

ஏப்ரல் 21, செவ்வாய்

'இன்னும் பத்து'விடம் எல்லாவற்றையும் சொன்னேன். டீ, ஒரு ரொட்டி, வெள்ளரிக்காய். எழுதிக்கொண்டே வந்தவள் வெள்ளரிக்காயில் பேனாவை நிறுத்தினாள்.

"எலும்பு எதை வச்சு ஒட்டும்னு நினைச்சீங்க மேடம்? வெள்ளரிக்காயை வச்சா?"

சுமை இறங்கினால் எலும்புக்கு நல்லது என்று நினைத்தேன் என்றேன். லாரி கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "லாரிக்குத் தன்னைத் தானே ரிப்பேர் பண்ணிக்கிற வேலை கிடையாது. உங்க உடம்பு இப்ப அந்த வேலையில இருக்கு. வேலை நடக்குற இடத்துக்குச் சாமான் போகணும். எடையைப் பார்க்கலாம், நானும் வேணாம்னு சொல்லல. ஆனா இப்படி விழக் கூடாது."

டாக்டரிடம் சொல்லச் சொன்னாள். இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். போய் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாடா சரியாத்தான் காட்டிச்சு" என்றேன். "நாடா எப்பவும் சரியாத்தான் காட்டும், ஆளு ஒழுங்கா நிக்கணும்" என்றார். மூன்று நாள் கழித்துப் பேசுகிற பேச்சு.

ஏப்ரல் 23, வியாழன்

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சாப்பாடு ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், ஆனால் அதைச் சரிசெய்யாமல் மற்ற எதுவும் பலிக்காது என்றார். சத்துணவு சொல்லும் அம்மாவிடம் அனுப்பினார். முட்டை, மீன், பால், பயறு. மூன்று வேளை, நடுவில் இரண்டு முறை. மாவும் இனிப்பும் மட்டும் அளவோடு. வாரம் ஒரு முறைக்கு மேல் எடை பார்க்கக் கூடாது.

இருக்கட்டும். கடைசியில் தேதியும் கொடுத்தார். ஜூன் 22 எக்ஸ்ரே. அதிலும் அதே கறுப்புக் கோடு இருந்தால் 25 ஆபரேஷன். இப்போதே படுக்கை எழுதி வைத்துவிட்டார்கள். இரண்டு மாதம்.

மே 1, வெள்ளி

சாப்பிடுவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று யாரும் சொன்னதில்லை. வயிறு சுருங்கிவிட்டது. இரண்டாவது முட்டை தொண்டையில் நின்று யோசிக்கிறது. இவர் எதிரே உட்கார்ந்து, நான் மெல்லுவதைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற கவனத்தோடு பார்க்கிறார். "பார்க்காதீங்க, இறங்க மாட்டேங்குது" என்றால், "பார்க்கலைன்னா ஜன்னல் வழியா இறங்கிடும்" என்கிறார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

மே 10, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை தோறும் மெஷினும் நாடாவும். அளவு நோட்டில் எனக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறார். இன்று 72.9. இரண்டு கிலோ ஏறிவிட்டது. அதே நேரம் நல்ல தொடை இருபத்தொன்று. அடிபட்டது பத்தொன்பது. இடுப்பு அப்படியே.

எதைப் பார்த்துச் சந்தோஷப்படுவது, எதைப் பார்த்துப் பயப்படுவது என்று இன்னும் கற்றுக்கொள்கிறேன்.

மே 17, ஞாயிறு

அக்கா வந்தாள். "அடடே, மறுபடியும் பூசின மாதிரி ஆயிட்டியே" என்றாள். நல்ல அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பாள். இருந்தும் இரவு சாப்பாட்டைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மே 18, திங்கள்

காலையில் நானே இவரிடம் சொல்லிவிட்டேன். உடனே போனை எடுத்தார். "மதினி, இனிமே வந்தா அவ கால் எப்படி இருக்குன்னு மட்டும் கேளுங்க" என்றார். அக்காவை எதிர்த்து இவர் பேசி இந்த இருபது வருஷத்தில் நான் கேட்டதில்லை.

மே 31, ஞாயிறு

இது எப்படி? எடை 73.8, போன வாரமும் அதே. ஆனால் அடிபட்ட தொடை அரை இஞ்சு கூட, இடுப்பு அரை இஞ்சு குறைவு. ஒரே எடைக்குள் ஆள் இடம் மாறிக்கொண்டிருக்கிறாள். மெஷினை மட்டும் கேட்டிருந்தால் ஒன்றும் நடக்கவில்லை என்றிருக்கும். நாலு தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன், அவ்வளவு பிடித்திருந்தது. பட்டறையில் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

'இன்னும் பத்து' மறுபடியும் "இன்னும் பத்து" என்கிறாள். நாற்பது முறை தூக்குகிறேன். காலில் இப்போது முப்பத்தைந்து கிலோ வரை போடலாம் என்று டாக்டரிடம் கேட்டுச் சொன்னாள். போடும்போது வலிக்கவில்லை. வலிக்காதது ஒட்டியதற்கு அடையாளமா என்று கேட்டேன். "படம்தான் சொல்லணும் மேடம்."

ஜூன் 14, ஞாயிறு

74.5. தொடை இருபத்தொன்றரை, இருபது.

எலும்புக்கு மட்டும் நாடா இல்லை.

ஜூன் 22, திங்கள்

எக்ஸ்ரே எடுத்தாயிற்று. டாக்டர் ஆபரேஷனில் இருந்தார். ஒட்டியதா இல்லையா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம், போன் வருமாம். அதுவரைக்கும் 25ஆம் தேதி அப்படியே இருக்கட்டும் என்று நர்ஸ் ஒரு சீட்டைக் கொடுத்தாள். காலை ஏழு மணிக்கு வந்து சேர வேண்டும். முந்தின இரவிலிருந்து சாப்பாடு, பால், தண்ணீர் எதுவும் கூடாது.

படத்தை ஜன்னலுக்கு நேராகப் பிடித்து நானும் இவரும் பார்த்தோம். கோடு இருந்த இடத்தில் ஏதோ புகை மாதிரி இருக்கிறதா? இவர் இருக்கிறது என்றார். நான் இல்லை என்றேன். பத்து நிமிஷம் கழித்து நான் இருக்கிறது என்றேன், இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தெரியலம்மா" என்றார். நாம என்ன டாக்டரா? மனசுக்கு வேண்டியதைத்தானே கண்ணு காட்டும்.

சாப்பிட்டேன். உள்ளே போகவில்லை, ஆனால் சாப்பிட்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

போன் வரவில்லை. முதலாளிதான் கூப்பிட்டார். நான் பேசிய பேச்சில் பயந்து வைத்துவிட்டார்.

நான் பண்ணின தப்புக்கு நானே அனுபவிக்கிறேன், சரி. ஆனா இந்த மனுஷன் என்ன பண்ணினார்? அஞ்சு மாசமா சமைச்சு, என்னைக் குளிக்க வச்சு, ராத்திரி உக்காந்து ஆர்டர் முடிச்சு. இன்னும் ஆறு மாசமா? ஒட்டியிருக்கணும். எனக்காக இல்லேன்னாலும்.

ஜூன் 24, புதன்

பகல் மூன்று மணிக்குப் போன் வந்தது. இவர்தான் எடுத்தார். "ம்", "ம்", "சரிங்க", "சரிங்க டாக்டர்". இந்த நாலு வார்த்தையை வைத்து மனுஷி என்ன கண்டுபிடிக்க முடியும்? போனை வைத்துவிட்டுத் தையல் மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, துணியே இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட்டினார். அப்புறம்தான் உள்ளே வந்தார்.

இன்று வேண்டாம். நாளை எழுதுகிறேன்.

ஜூன் 25, வியாழன்

காலை ஏழு மணி, சீட்டில் போட்டிருந்த அதே நேரம். இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ரொட்டி ஒன்று. இவர் வாணலியைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்து, இன்னொரு முட்டை போடட்டுமா என்று கேட்டார்.

போடுங்கள் என்றேன்.